காலி எடை

ராத்திரி ஷிப்டில் நான் எடைமேடைக்காரன்.
பெருங்குடிக் கிடங்குக்கு வரும் லாரியை
குப்பையோடு ஒரு தடவை, கொட்டியபின் ஒரு தடவை
நிறுத்துச் சீட்டு கிழிப்பவன்.
அதனால் தபிதா தொலைநோக்கியை நீட்டியதும்
முதலில் கேட்டது, 'எவ்ளோ இருக்கும்?'
'ரெண்டரைக் கிலோ. நல்லா மேஞ்சிருந்தா மூணு.'

ஜனவரிக் கணக்கெடுப்பு.
ரேடியல் சாலைப் பக்கம், கோரைக்கு அப்பால்,
நாமக்கோழிகளுக்கு நடுவே
ஒரே ஒரு வரித்தலை வாத்து.
வெள்ளைத் தலையின் பின்புறம் கறுப்பில் இரண்டு வரி,
ரத்தான சீட்டில் நான் இழுக்கிற கோடு மாதிரி.
கூட்டம் கூந்தன்குளத்துக்குப் போய்விட்டதா,
இது மட்டும் ஏன் பள்ளிக்கரணையில் இறங்கியது,
அவளுக்கும் தெரியவில்லை.
நோட்டில் '1' என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அடித்தாள்.

மங்கோலியாவில் ஏதோ ஏரியாம்.
நடுவில் இமயமலை.
உச்சிக்கு ஏறி அப்படியே நேராக வந்துவிடாதாம்.
மலை எழும்பினால் எழும்பி
பள்ளம் விழுந்தால் கூடவே விழுந்து
தரையை ஒட்டியே வருமாம்.
சம்பாதித்த உயரத்தையெல்லாம் தொலைத்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து ஏறுவதில்தான் செலவு குறைவாம்.
கழுகைப்போல மிதந்து வரத் தெரியாது,
வழியெல்லாம் சிறகடிப்பு.
பெரும்பாலும் இருட்டில்,
காற்று குளிர்ந்து கனக்கும்போது.

'நைட் ஷிப்டு' என்றேன். சிரித்தாள்.

ரயில் நிலையத்துப் படியில்
பாதியில் நின்று இன்ஹேலரை உறிஞ்சுகிறவன் நான்.
கிடங்கு புகையும் வாரமென்றால் இரண்டு தடவை.
அதன் நுரையீரலிலோ காற்று ஒருவழிப் பாதை,
மூச்சை விடும்போதும் புதுக்காற்று உள்ளே ஓடுமாம்.
ஒன்றுமில்லாத காற்றிலும்
அந்த ரத்தம் எப்படியோ கடன் வாங்கிவிடும்.

பிப்ரவரி முழுக்க
இரண்டு லாரிக்கு நடுவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டிருந்தேன்.
ஈரப் புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம்
அவ்வளவு தூரம் கேட்காது என்று தெரியும்.

மார்ச் பதினொன்று, ஒன்று நாற்பது.
லாரி மேடையில் நிற்கிறது,
திரையில் எண் ஆடி அடங்கவில்லை.
தலைக்கு மேலே
மூக்கால் கத்திக்கொண்டு வடக்கே போனது.
ஓட்டுநர் ஏழுமலை எட்டிப் பார்த்து
'இன்னாதுப்பா அது?'
'மூணு கிலோ' என்றேன்.

ஆனி ஆடியில் பறக்கிற சிறகை மொத்தமாக உதிர்த்துவிட்டு
ஒரு மாதம் அந்த ஏரிக்கரையில்
எங்கும் போக முடியாமல் நடந்துகொண்டிருக்கும் என்று
தபிதா சொல்லியிருந்தாள்.

சீட்டில் அந்தக் கட்டத்தை
எழுதாமல் விட்டிருக்கிறேன்.