மூன்றாவது இட்லி

பெரியாஸ்பத்திரியில் கொடுத்த காகிதம்
டிக்கெட் பையின் உள்ளறையில் மடிந்து கிடக்கிறது.
காலை: இட்லி இரண்டு. தேங்காய்ச் சட்னி கூடாது.
மாம்பழம் என்ற சொல்லின் மேல் பேனாவால் ஒரு கோடு,
அழுத்தி இழுத்ததில் தாளே கிழிந்திருக்கிறது.
சேலத்துக்காரனிடம்,
அதுவும் வைகாசியில்.

செண்பகவல்லி இன்னும் மூன்றுதான் வைக்கிறாள்.
இருபத்தேழு வருடத்துக் கை, அதற்குச் சர்க்கரை தெரியாது.
"வேண்டாம்னா யாருக்காச்சும் குடுத்துடுங்க."

ஆறு நாற்பது வண்டி.
கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி
பதினோராவது கொண்டை ஊசியில் மூச்சு வாங்கும்.
தடுப்புச் சுவர் மேல் அவள் இருப்பாள்:
நடுவகிடு எடுத்துப் படிய வாரிய தலை,
கறுத்துத் தொங்கும் கீழுதடு,
இடது காதில் பிறையளவு இல்லை.
நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
தாயின் வயிற்றைப் பிடித்துத் தொங்கிய குட்டி.
அப்போதே அந்தக் காது அப்படித்தான்.

மூன்றாவது இட்லி அவளுக்கு.
பிறகு தட்டுவடை செட், பீட்ரூட் சிவப்பு வழிய.
பிறகு மல்கோவாவில் ஒரு கதுப்பு.
எனக்கு மறுத்ததெல்லாம்
ஜன்னல் வழியே அவள் கன்னப் பைக்குள் போனது.
தின்பதை நான் பார்ப்பேன்.
பார்ப்பதில் பாதி ருசி இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆடி பிறந்தபோது
என் இருநூற்று எண்பது நூற்று நாற்பது ஆகியிருந்தது.
பெல்ட்டில் ஆணியடித்துப் புது ஓட்டை போட்டேன்.
"இப்படியே இருந்தா பத்து வருஷம் கூட வரும்"
என்று டாக்டரம்மா சிரித்தார்.
யாருடைய பத்து வருஷம் என்று
கேட்கத் தோன்றவில்லை.

அதே மாதம் வளைவில் வனத்துறை ஜீப்.
வலை, மயக்க ஊசி, காய்கறிக் கடைத் தராசு.
கால்நடை மருத்துவர் பியூலா அவளைத் தூக்கி வைத்தார்.
நாலு கிலோ இருக்க வேண்டியவள் ஆறரை.
விரல் நுனியில் ஒரு குத்து. என்னைக் குத்தும் அதே கருவி.
எட்டிப் பார்த்தேன்,
ஏறக்குறைய என் பழைய எண்.
"கண்ணுல புரை விழுது. வாயெல்லாம் புளிச்ச மாவு வாசம்.
எவனோ தினம் போடறான்" என்றார்.
விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
எதற்கு என்று தெரியவில்லை.

ஐப்பசி மழையில் எட்டாவது வளைவு சரிந்தது.
முப்பத்தெட்டு நாள்
குப்பனூர் வழியாகச் சுற்றினோம்.
இந்தப் பக்கம் ஒரு கார் இல்லை, ஒரு சிப்ஸ் பாக்கெட் இல்லை.
குட்டிகள் இரண்டு செத்ததாகச்
செக்போஸ்ட் சாந்தப்பன் சொன்னான்.
பட்டினி எல்லார்க்கும் மருந்தில்லை.

வழி திறந்த அன்று சுவர் வெறுமை.
அடுத்த திருப்பத்தில்தான் கண்டேன்,
இச்சி மரத்தில், வெயிலுக்கு முதுகு காட்டி.
தோளெலும்பு துருத்தியிருந்தது. ரோமம் மினுங்கியது.
ஒரு பழத்தை முகர்ந்து எறிந்தாள்,
இன்னொன்றை முகர்ந்தாள், அதையும் எறிந்தாள்.
பசித்தவளுக்கு இத்தனை பிகுவா!
தேறிவிட்டாளா, தேய்கிறாளா?
தராசில்லாமல் எப்படிச் சொல்ல.

வண்டிச் சத்தத்துக்குத் தலை திரும்பியது.
பால் படிந்த கண் எந்த ஜன்னல் என்று தேடியது.
கையை விரித்துக் காட்டினேன்.
இட்லிப் பொடியின் எண்ணெய் மட்டும் அதில்.
சற்று நேரம் பார்த்தாள்,
பிறகு பழத்துக்கே திரும்பினாள்.

டப்பாவில் மூன்றாவது ஆறிக் கிடக்கிறது.
நான் தின்னக் கூடாது. அவள் தின்னக் கூடாது.
வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால்
செண்பகவல்லியின் முகம் வாடும்.
முன் சீட்டுப் பையன் மூடியையே பார்க்கிறான்:
"அண்ணே, அது யாருக்கு?"

இரண்டு விசில் கொடுத்தேன்.
இன்னும் எட்டு வளைவு இருக்கிறது.