ஐந்தாம் பல்

மூன்று சக்கரங்களில் பனி உறைந்திருந்தது.
நாலாவதில் இல்லை.
இடப்பக்கம், பின்னால்.
அதன் கீழே மட்டும்
ஒரு தட்டளவு ஈரத் தார்.

குனிந்து மோந்தேன்,
ரப்பர் செருப்பு அடுப்பில் பட்ட நெடி.
காய்ச்சல் பார்ப்பதுபோல் கையை விரித்து,
தொடாமல் பிடித்தேன்.
வலது வெதுவெதுப்பு.
இடது விரலை விரட்டியது.

வினிபெக், மார்ச் கடைசி, மைனஸ் நாலு.
பக்கத்து வீட்டு ரோமெல் ஜாக்கைத் தந்துவிட்டு
ஸ்டாண்ட் வைக்காமல் கீழே போகாதே என்று
இரண்டு தடவை சொன்னான்.
முன் சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து
டிவி வந்த அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தேன்.
கொரோலாவுக்கு இருபத்தொரு வயது.
அடிவயிறு முழுக்க
சாலை உப்பு தின்ற தழும்பு.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுதர்மன்,
இரவு வேலை முடித்த சிவந்த கண்ணோடு.

"இழு" என்றேன்.
டக் டக் டக் டக்.
"விடு."
வலதை உருட்டினேன், தாராளமாய்ச் சுற்றியது.
இடது அரைச் சுற்றில் நின்றது.
நிற்கும் முன் ஒரு கீச்சு,
சுண்டெலி வாலை மிதித்தாற்போல.
"இழு."
டக் டக் டக் டக்.
"விடு."
இந்தக் கிழமை நாங்கள் பேசிக்கொண்டதில்
இதுதான் நீளமான பேச்சு.

கைப்பிடியில் கோளாறென்றால்
இரண்டு சக்கரமும் இறுகும்.
ஒன்றுதான் இறுகுகிறது.
ஆகவே ஒன்று கேபிள், இல்லையென்றால் உள்ளே.

டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டிக் கழற்றினேன்.
தூசியை ஊதவில்லை, நனைத்துத் துடைத்தேன்.
லைனிங்கில் இன்னும் சதை இருந்தது.
கேபிளின் நுனியைக் கொக்கியிலிருந்து விடுவித்ததும்
இரண்டு லைனிங்கும்
பெருமூச்சு விட்டு உள்ளே சுருங்கின.
குற்றவாளி தனியே என் கையில் தொங்கினான்.
உறை ஓரிடத்தில் வெடித்து
துரு ஏறி, பாம்பு எலியை விழுங்கியதுபோல் வீக்கம்.
அந்த வெடிப்பால் தண்ணீர் போகும்.
இழுத்துவிட்டு நிறுத்தினால்
உள்ளே உறைந்து, பிடித்த பிடி விடாது.

கீழே படுத்தபடியே கேட்டேன்:
"குண்டுமணியை வைத்தாலும் உருளாத ஊர்.
பார்க்கில் போட்டால் போதாதா?
எதற்கு இதை இழுக்கிறாய்?"

பதில் இல்லை.
பிறகு, நான் சொல்லாமலே,
ஒரு டக்.

"அந்த மேட்டில்" என்றான்.

குப்பையைக் கொட்டி மூடிப் புல் போட்ட மேடு.
இந்தப் பக்கத்துக்கே அது ஒன்றுதான் உயரம்.
"பேக்கரியில் மூன்று மணிக்கே விடுகிறார்கள்.
நவம்பரிலிருந்து."

அவன் வீடு வருவது ஆறரைக்கு.
மேட்டுக்குப் பத்து நிமிடம்.
மிச்சத்தை நான் கழித்துப் பார்த்தேன்:
சரிவில், எஞ்சினை அணைத்து,
கைப்பிடியை மேலே இழுத்து,
ஒரு குளிர்காலம்.

கேட்க நிறைய இருந்தது.
"குளிராதா?" என்று கேட்டேன்.
"போர்வை இருக்கிறது."
டிக்கியில் அந்த நீலப் போர்வை.
காரை விற்றவருடையது என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேபிள் நாற்பத்தாறு டாலர், வியாழன் வந்தது.
லைனிங் உரசும் ஆறு இடத்தில்
கடுகளவு கிரீஸ் தடவினேன்.
எலி வெளியேறிவிட்டது.

ஆனால் ஹேண்ட்பிரேக்கை
சமதரையில் சோதித்து என்ன பயன்?
சனி விடியுமுன் அவனே ஓட்டினான்.
மேட்டின் பாதியில், மூக்கை வானத்துக்குக் காட்டி நிறுத்தி
நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி
என்னைப் பார்த்தான்.
"இழு."
டக் டக் டக் டக்.
காலை எடுத்தான்.
ஒரு அங்குலம் பின்னால் நழுவியது,
என் வயிறும்தான்.
இன்னொரு டக்.
நின்றது.

ஹீட்டர் ஓடட்டும் என்றேன். ஓடியது.
கண்ணாடியில், நமக்குப் பின்னால்,
ஊர் செம்மஞ்சளாய்க் கிடந்தது.
திரும்பி உட்கார்ந்து விரலை நீட்டினான்:
"அதோ, கேட்டைத் திறக்கிறார்கள்.
முதல் ரொட்டி லாரி."