ஒரு நூல் அப்பால்

டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் டீ நிறத்தில் வந்தது,
பால் கூடிப்போன டீ.
தண்ணி வழி மாறிப் போயிருக்கு என்றார் சவரிராஜ்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கடலூர் முதுநகரில், ஐஸ் கம்பெனிக்கு அடுத்த ஷெட்.
மூன்று நாளாகத் தலையைக் கவிழ்த்து நிற்கிறது வண்டி.
எஞ்சின் மட்டும் தனியே, மேசைமேல்.
குனிந்து பார்த்தால்
ஆறு ஓட்டையிலும் எதிர்ச் சுவர்.

மண்ணெண்ணெய் தடவித் துடைத்து
சாக்பீஸ் பொடி தூவிவிட்டு
பீடி பற்றவைக்க வெளியே போனார்.
வெள்ளையில் ஊறி ஊறி வந்தது கோடு.
நாலாவது சிலிண்டர் பக்கம், ஒரு சாண்,
கடைசியில் லேசாக ஒடிந்து.
நான்தான் முதலில் பார்த்தேன்.

குறிஞ்சிப்பாடி தாண்டி, மதியம் ஒன்றே முக்கால்.
முள் சிவப்பில் படுத்துவிட்டது.
பின்னால் இரண்டு டன் மத்தி, ஐஸ் உருகிச் சொட்டுகிறது.
அரை மணி நேரம் ஆறவிட்டிருக்கலாம்.
மீன் பெட்டிக்கடியில் தேங்கிய தண்ணீரை
ஒரு வாளி மொண்டு ஊற்றினேன்.
டிக் என்றது உள்ளே.
விரலைச் சொடுக்கினால் வருமே, அவ்வளவுதான் சத்தம்.

பழைய பிளாக், வார்ப்பிலேயே குறை இருந்திருக்கும் என்று
நசீமா அம்மாவிடம் சொன்னேன்.
புதுசு என்ன விலை என்று கேட்டுவிட்டு
போனில் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.
அவர் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது கேட்டது.

வெல்டு வச்சா சூட்டுல இன்னும் கிழியும் என்று
டிரில்லை எடுத்தார் சவரிராஜ்.
முதல் துளை விரிசலில் இல்லை.
அதன் முனைக்கு ஒரு நூல் அப்பால்,
இன்னும் கெடாத இரும்பில்.
"ஓடி வந்தா இங்க நின்னுடும்.
வட்டத்துல அதுக்குப் பிடிக்க மூலை கிடையாது."

பிறகு மரை போட்டு, திருகாணி இறக்கி, தலையை ஒடித்து,
அடுத்த துளையை
போன திருகாணியைக் கொஞ்சம் தின்னும்படி போட்டு
மறுபடி திருகாணி.
இருபத்தேழு. எண்ணினேன்.
எனக்கு வேறு வேலை இல்லை.

குறுக்கே பூட்டுகளைத் தட்டி இறக்கி, அரத்தால் தேய்த்து,
தண்ணீர் அடைத்துக் காற்றேற்றினார்.
மீட்டர் முள் மேலே போய் அங்கேயே நின்றது.
ஒரு சொட்டு இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு
தீப்பெட்டி ஒன்றை என் பக்கம் தள்ளினார்.
திறந்தேன்.
குச்சிகளுக்கு நடுவே ஒரு மீன் செதில்,
ஓரம் துருவேறி.
"தண்ணிக் கண்ணுல இருந்துச்சு. முந்தாநேத்தே."

பில் புக்கைத் திறந்து கார்பனைச் செருகினார்.
"யார் பேர்ல போட?"

பாதிக்குப் பாதி என்றேன்.
எழுதவில்லை.
பேனாவை உதறிக்கொண்டே இருந்தார்.