பதினோராயிரத்து நானூறு

மூன்று வாரக் கோஸுக்குக் காசு வரவில்லை.
கெலமங்கலத்திலிருந்து டாட்டா ஏஸை விரட்டிக்கொண்டு
ஓசூர் வந்து பாகலூர் சாலையில் ஏறும்வரை
பேசவேண்டியதைத் தமிழில் ஒருமுறை
தெலுங்கில் ஒருமுறை
ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.
திட்டுவதற்கு எனக்குத் தெலுங்குதான் சரளம்.
அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

டயர் கடைக்கு மேல் மாடி.
வட்டமும் குச்சியுமாய் அவர்கள் எழுத்து.
அதன் கீழே நம் பெயிண்டர்
'கொரியா காரக்கோழி, குழம்பு வகைகள்' என்று எழுதி
ழகரம் இரண்டுக்கும் வால் நீட்டியிருந்தார்.

முதலாளி பெயர் இம்.
போனில் கூப்பிட்டால் 'இம்' என்பார்.
அது பேரா, சம்மதமா,
நாளைக்கு வா என்பதா,
மூன்று வாரமாய்ப் புரியவில்லை.

மதியம் இரண்டரை.
நீலச் சட்டைகள் நெருக்கியடிக்கும் மேசைகள்
துடைத்துவைத்தது வைத்தபடி இருந்தன.
கம்பெனியில் ஒரு லைனை மூடிட்டாங்களாம் என்று
டயர் கடைப் பையன் கீழேயே சொல்லிவிட்டான்.
படியேறுவதற்குள் என் வசனத்தில் பாதி
உதிர்ந்துபோயிருந்தது.

'சார், துட்டு...'
அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.
அடுப்பங்கரையிலிருந்து அஞ்செட்டி நாகவேணி
தலையை நீட்டி,
'உக்காருண்ணா. நின்னுட்டுப் பேசினா
அவருக்குக் காது கேக்காது' என்றாள்.

வந்தது அகலச் சட்டி.
மேசைமேலேயே ஒரு குட்டி அடுப்பு.
எலும்போடு கோழி, பாதி கரைந்த உருளைக்கிழங்கு,
மீன்பிடி நரம்பு மாதிரி வழுக்குகிற சேமியா.
ராயக்கோட்டைத் தக்காளி லாரி கவிழ்ந்த சாலையின் சிவப்பு.
தக்காளி ஒரு துண்டுகூட இல்லை.

சுற்றிலும் கேட்காமலே ஆறு சின்னத் தட்டு.
ஒன்றில் என் கோஸ்
புளித்து, துவண்டு, மிளகாய் அப்பிக்கொண்டு கிடந்தது.
விதைத்தவனுக்கே யாரோ என்றிருந்தது.
தண்டில் ஒரு பூச்சித் துளை.
அதைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது,
இது நம்ம ஏரிக்கரைக் காடு என்று.

முதல் வாய் இனிப்பு.
ஏமாந்தேன்.
இரண்டாம் வாய்க்கும் ஒன்றுமில்லை.
மூன்றாவதில் பின்வாசல் வழியாக வந்து
தொண்டையில் உட்கார்ந்தது.
மூக்கு ஒழுகி, காது அடைத்து,
கண்ணிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டியது.
நாகவேணி சிரித்தாள்.
இம் சிரிக்கவில்லை.
என் முகத்தையே பார்த்தவர்
எழுந்துபோய்க் கல்லாவைத் திறந்தார்.

ஐநூறு, இருநூறு, கசங்கிய பத்துகள்.
எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.
எட்டாயிரத்து எழுநூறு.
ரப்பர் பேண்ட் போட்டு
இரண்டு கையாலும் நீட்டினார்,
தாம்பூலத் தட்டை நீட்டுகிற மாதிரி.

அழுகை இல்லை சார், காரம்
என்று சொல்லியிருக்கலாம்.
தமிழில் காரம், தெலுங்கில் காரம்,
கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே.
நாலாவது பாஷையில் எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் மட்டும்?
மூக்கை உறிஞ்சிக்கொண்டே
வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

'நேத்து மொத்தமே மூணு டேபிள்ணா,'
தட்டுகளை அடுக்கியபடி நாகவேணி
யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

கோழிக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
'இம்' என்றார்.

மத்திகிரி தாண்டியும் உதடு எரிந்தது.
பாக்கி இரண்டாயிரத்து எழுநூறில்
கோழியைக் கழிப்பதா வேண்டாமா,
கழித்தால் எவ்வளவு,
அந்த ஆறு தட்டுக்கும் கணக்கு உண்டா.
வீட்டில் பைசா விவரம் சொன்னேன்,
கண்ணீர் விவரம் சொல்லவில்லை.
'சட்டையில என்ன இந்த நாத்தம்' என்றாள் மல்லம்மா.
'நம்ம கோஸ்தான்' என்றேன்.

திங்கட்கிழமை விடியலில் முப்பது கோஸ் ஏற்றினேன்.
துளை விழுந்த ஒன்றை
மாட்டுக்கு ஆகும் என்று எடுத்துக் கீழே வைத்தேன்.
வண்டியைக் கிளப்பி,
கேட்டுவரை போய்,
இறங்கி வந்து
அதையும் தூக்கி உள்ளே போட்டேன்.