ஒரு காலும் ஓர் ஒற்றும்

மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள் என்றார்கள்.
நான் அனுப்பியது
தேசியத் தொழில்நுட்பப் புத்தாக்க மையம்.
இரண்டு பிரதி, கையொப்பத்துடன்.

பேரே வாவிக் கரையில்
பழைய தேயிலைக் களஞ்சியம் அது.
கூரையைக் கழற்றிக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.
உள்ளே கோப்பி மெஷின்,
பிளாஸ்டிக் உறை பிரிக்காத முப்பரிமாண அச்சுப்பொறி.
மழை பெய்தால் மட்டும்
சுவரில் தூள் மணக்கும்.

அமைச்சர் நாடாவை வெட்டி நிமிர்ந்தபோதுதான்
நானும் அண்ணாந்து பார்த்தேன்.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில் ஒரு காலும் ஓர் ஒற்றும்
வழியில் எங்கோ இறங்கிக்கொள்ள,
புத்தக மையம்
என்று மின்னியது பித்தளை.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

ஜனவரியில் பஸீலா வந்தார்,
மாளிகாவத்தையிலிருந்து நடந்து.
கையில் மகளின் பட்டியல்:
ஒற்றைக்கோடு எட்டு, சதுரக்கோடு நாலு, ஒரு அட்லஸ்.
"கவர்மெண்ட் கடதானே,
வெல கொறவா இரிக்கும் எண்டு பாத்த."
காவலர் ஜினதாசவுக்குத் தமிழ் தெரியாது.
தமிழ் என்றால் இரண்டாம் மாடி,
அது தெரியும்.

இரண்டாம் மாடியில் நானும்
வவுனியாத் துவாரகியும்.
தமிழைக் கமராவால் வாசிக்கும் செயலி
ஏழு மாதமாகக் கட்டுகிறாள்.
விஷயம் கேட்டதும் கீழே ஓடிப் பலகையைப் படமெடுத்தாள்.
செயலி கொஞ்சம் சுழன்று யோசித்து
புத்தக மையம் என்றது,
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிச்சயத்தோடு.
பிழையைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டது!
அவள் துள்ளினாள்.
பஸீலா பட்டியலை மடித்தார்.

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை.
கடந்தகால வினாத்தாள்களை
அலுவலகத் தாளில் அச்சடித்துக் கொடுத்தோம்.
அதுதான் தப்பு.
அடுத்த கிழமை ஏழு பேர்.
பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்தும்.
பிள்ளைகள் எழுதிப்பார்த்த கொப்பிகளைத்
துவாரகி இரவல் வாங்கிச் செயலிக்குக் காட்டினாள்.
பஸீலாவின் மகள் போடும் 'ழ'வை
அது இன்றுவரை 'மு' என்கிறது.

இதற்கிடையில் நான் கோப்பு திறந்திருந்தேன்.
கணக்காளர் ஓரத்தில் எழுதினார்:
இரண்டு குறிகளுக்குக் கேள்விமனு கோர முடியாது,
முழுப் பலகையாக விண்ணப்பிக்கவும்.
விண்ணப்பித்தேன்.
என் வேலை அது.

செப்டம்பரில் புதியது வந்தது.
கால் இருந்தது, ஒற்று இருந்தது,
அளவெடுத்ததுபோல் இடைவெளியும்.
அந்தக் கிழமை இருவர் வந்தார்கள்,
அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.
அதன்பின் யாருமில்லை.

பழைய பலகை படிக்கட்டின் கீழ்
சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருக்கிறது.
மழை நாட்களில் ஜினதாச
அதன்மேல் குடையைக் காயப்போடுகிறார்.