பிடி

இரவு இரண்டு மணிக்கே
சரோமா ஏரிக்கரைக் கொட்டகையில் விளக்கெரியும்.
கினுயோ நாற்பத்தோரு வருடமாக ஓடு பிரிக்கிறாள்.
விசிறிச் சிப்பி, உள்ளங்கை அகலம்.
தட்டை ஓட்டை உரசிக்கொண்டு கத்தி நுழையும்.
ஒரே இழுப்பு. பூட்டு அறுந்து வாய் பிளக்கும்.

பூட்டு என்பது ஒரு தசை, அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் சளி, பை, ஓரமெங்கும் நீலக் கண்கள்.
அந்த ஒன்றுக்குள்ளும் இரண்டு:
பெரியது கண்ணாடி நிறம்.
ஓட்டைப் படபடவென்று அடித்துக்
கடலுக்குள் பறக்க. சீக்கிரம் களைத்துவிடும்.
சின்னது பால்வெள்ளைப் பிறை.
மூடியதை மூடியபடியே வைத்திருக்க.
அதற்குக் களைப்பில்லை, பசியும் அதிகமில்லை.
ரப்பர்போல் கடிபடும் என்று
கிள்ளி எறிந்துவிடுவார்கள்.

வீட்டில்
தொகுஜியின் இடக்கை நவம்பரிலிருந்து மூடிக்கிடக்கிறது.
பக்கவாதம் என்றார் மருத்துவர்.
பிடிவாதம் என்றாள் கினுயோ.

முதல் மாதம் விரல்களை நேராக இழுத்துப் பார்த்தாள்.
இழுக்க இழுக்க இறுகியது.
அபஷிரியிலிருந்து வந்த பயிற்சிக்காரப் பெண்
‘விரலோடு மல்லுக்கட்டாதீர்கள்,
மணிக்கட்டை உள்ளே மடியுங்கள்’ என்றாள்.
மடித்தாள்.
சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது,
பிறகு மற்றவை, சந்தேகத்தோடு.
எங்கே நுழைத்தால் திறக்கும் என்பதுதானே
என் பிழைப்பு என்று
தன்மேலேயே கோபம் வந்தது அவளுக்கு.

உள்ளே ஒன்றுமில்லை.
ஈரம். புளித்த வாடை.
நகம் பதிந்த நான்கு தடம்.
வெந்நீர்த் துணியால் துடைத்து,
நகம் வெட்டி,
சுருட்டிய துவாலையைச் செருகி மூடவிட்டாள்.
யாரோ ரயிலில் மறந்துபோன பையைப் பார்ப்பதுபோல்
தொகுஜி பார்த்துக்கொண்டிருந்தான்.

வடக்கிலிருந்து பனிக்கட்டி வந்து கரையை அடைத்த வாரம்.
படகில்லை, வேலையில்லை.
காலையில் சோயாக் குழம்பு ஆறிக்கொண்டிருக்க
தொகுஜி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.
இடக்கை எழுந்தது.
மேசையைவிட்டு, மார்பைத் தாண்டி, தோள்வரை,
வழி தெரிந்த கைபோலவே.
துவாலை கீழே விழுந்தது.
வாய் மூடியதும் கையும் இறங்கிவிட்டது.

‘நானில்லை’ என்றான்.

உப்பு பட்டதும்
தட்டில் சுருங்குகிற துண்டுகளை
எத்தனை ஆயிரம் பார்த்திருப்பாள்.
அதைச் சொல்லவில்லை.
‘இன்னொன்று விடு’ என்றாள்.

முயன்றான். முயன்றால் வருமா அது.
எதிரே உட்கார்ந்து
வாயை அகலப் பிளந்து
பொய்யாக ஒன்று விட்டுக் காட்டினாள் கினுயோ.
அவனுக்குத் தொற்றவில்லை.
அவளுக்குத்தான்
நிஜமாகவே வந்துவிட்டது,
கண்ணில் நீர் தளும்ப,
ஒன்றன்பின் ஒன்றாக.