பெட்டியின் வலச்சுவர்

முந்நூறு கெல்வின் என்று தட்டுகிறேன்.
வெளியே கெலுகோர் சாலையில்
இரவு பத்து மணிக்கும் அதே வெக்கைதான்.
ஆய்வறைக்குள் பதினெட்டு டிகிரி; ஜாக்கெட்டில் நடுங்குகிறேன்.
பினாங்கின் புழுக்கம் முழுவதும்
திரைக்குள் இருக்கும் ரப்பருக்கு.

நாற்பது சங்கிலி, ஒவ்வொன்றும் நூறு கண்ணி.
எந்தச் சீப்புக்கும் அடங்காத சிக்கு.
இருந்த இடத்திலேயே நெளிகின்றன.
நெளியும்போது எங்காவது ஓர் ஓட்டை திறக்கும்,
அருகில் முட்டிக்கொண்டிருந்த ஆக்சிஜன் ஒன்று
பொந்து மாறிப் போகும்.
ஓட்டை மூடிக்கொள்ளும்.
ஒரு கையுறை கிழடுதட்டுவது இப்படித்தான் தொடங்குகிறது.

பெட்டியின் அகலம் எட்டு நானோமீட்டர்.
வலச்சுவரில் வெளியேறியது
அதே கணம் இடச்சுவரில் உள்ளே வரும்.
சுவருக்கு அப்பாலும் அதே பெட்டி, அதே சிக்கு.

பத்து நாள் ஓடி ஒரு மைக்ரோநொடி சேர்ந்தது.
வரைபடத்தில் கோடு கொஞ்சம் ஏறி
பாயான் லெப்பாஸ் ஓடுபாதை மாதிரி படுத்துவிட்டது.
"மாட்டிக்கொண்டன" என்றாள் சூய் லான்.
நானும் நம்பினேன்.
விசைப்புலத்தைக் குறை சொல்லி
ஒன்றரைப் பக்கம் எழுதினோம்.

நேற்று வீடு திரும்பும் படகில்
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
கார்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தேன்.
போன மாதம் இருபத்திரண்டு முறை பிடித்திருந்தார்கள்.
அப்போதுதான் உறைத்தது:
அவை எத்தனை முறை சுவர் தாண்டின என்று
நாங்கள் எண்ணவே இல்லை.

பட்டர்வொர்த் வருவதற்குள் செய்தி அனுப்பினேன்.
பதில் ஒரே சொல், ஹொக்கியனில்,
அம்மாவிடம் சொல்ல முடியாதது.

இன்று ஒவ்வொரு தாண்டலுக்கும் எட்டு சேர்க்கிறேன்.
படுத்த கோடு எழுந்து நடக்கிறது.
முப்பத்தேழாவது ஆக்சிஜன்,
அங்கேயே கிடக்கிறது என்று நாங்கள் சத்தியம் செய்தது,
நாலு பெட்டி தள்ளிப் போயிருக்கிறது.

என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்.
தீவுக்கு வரும்போது மட்டும்தான் காசு,
திரும்பும் பயணம் எதிலும் பதிவாவதில்லை.
கார்டை நம்பினால், இந்த மூன்று வருஷத்தில்
மேற்கே மேற்கே போய்
இலங்கையைத் தாண்டியிருப்பேன்.

ஆனால் நான் இடச்சுவரில் நுழைகிறவள் இல்லை.
போன சுவரிலேயே திரும்புகிறேன்.
கூட்டு ஒன்று, கழி ஒன்று.
எப்படி விரித்தாலும் பூஜ்யம்.

மணி பார்க்கிறேன். கடைசிப் படகு போயிருக்கும்.

சரி, இன்றைக்கு மட்டும்
கழிக்காத ஒன்று.